டீ குடித்தாயிற்றா?

சித்தூரில் ஞானமணியின் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றிருக்கிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில் செம்புக் கம்பியில் பட்டுச் சிரிக்க, வார்னிஷ் நெடிக்கு நடுவே எல்லோரும் புதுக் கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்கிறார்கள். மெட்ராஸிலிருந்து வரவழைத்த கன்சல்டன்ட் சுதர்சன் மூன்று நாள் இங்கேயே உட்கார்ந்து, மோட்டார் வந்ததிலிருந்து போவதுவரை நடப்பதையெல்லாம் கேட்டு எழுதிப் போட்டுக் கொடுத்த புரோகிராம் இன்றுதான் முதல் பில் சீட்டு அடிக்க வேண்டும். "பஸ்ஸு வந்துடும்மா, கரும்பு காய்ஞ்சிக்கினு கீது" என்று நகரியிலிருந்து வந்த விவசாயி முனிரத்தினம், சரியாகிவிட்ட தன் பம்ப்செட் மோட்டாரைத் தடவிக்கொண்டே சொல்கிறார். ஞானமணி தட்டுகிறாள். சீட்டு வரவில்லை. பச்சை எழுத்தில் ஒரு கேள்விதான் வருகிறது: டீ குடித்தாரா? "இன்னாப்பா இது?" என்கிறாள். சுதர்சன் நோட்டைப் புரட்டுகிறான். "நீங்கதானே மேடம் சொன்னீங்க, டீ குடிக்காம இங்கேருந்து யாரும் போகமாட்டாங்கன்னு? வேணாம்னா எடுத்துடறேன்." பட்டறையே குலுங்கிச் சிரிக்கிறது. ‘ஆமாம்’ என்று தட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் முதல் நாளே மிஷினிடம் பொய் சொல்ல ஞானமணிக்கு மனசு வரவில்லை. "எடுக்காதே, இருக்கட்டும்" என்கிறாள். டீ ஆவி பறக்க வருகிறது. முனிரத்தினம் ஊதி ஊதி, கண்ணில் நீர் வரக் குடித்து முடிக்கிறார். பிறகு காலி கிளாஸைக் கவிழ்த்துக் கம்ப்யூட்டருக்கு நேராக நீட்டுகிறார். "நல்லா பாத்துக்கோ நைனா, ஒரு சொட்டு இல்ல."