ஊசிக்காது

நூல் மறுபடியும் ஊசிக்காதுக்கு வெளியே போனது.

எச்சில் தொட்டு முறுக்கினார். கூர் வந்தது. நுழையவில்லை.

காது என்று பேர்தான். அவர் திட்டியதில் ஒன்றுகூட அதற்குக் கேட்கவில்லை.

போன மாதம்வரை கண்ணாடி இல்லாமல், ஒரே குத்தில் கோத்துக் கொடுத்தவர். அதுவும் ஐம்பத்தெட்டு வயதில். வீட்டில் அவர் செய்த ஒரே வேலை அது. அதற்கே தெரு முழுக்கத் தம்பட்டம்.

ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கும் மனைவி ஊசியை நீட்டும்போதெல்லாம், "கண்ணாடி போட்டும் குருடிதானா நீ?" என்பார்.

அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள்.

பிறகு சர்க்கரைக்கு இன்சுலின் போட ஆரம்பித்தார்கள். கிட்டத்தில் இருப்பதெல்லாம் கலங்கிப்போனது.

டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போனார்.

"சர்க்கரை ஏறிக் கிடந்ததுல உங்க கண்ணு லென்ஸ் உப்பியிருந்துச்சு சார். அதான் கிட்டத்துல கண்ணாடி இல்லாமலே தெரிஞ்சுது. இப்ப சர்க்கரை இறங்குது, லென்ஸும் மாறுது. சில வாரத்துல நிலைக்கு வந்துடும். அதுவரைக்கும் புதுக் கண்ணாடி வாங்கிடாதீங்க."

ஆக, இத்தனை நாள் பீற்றிக்கொண்டது வியாதியை.

அதுதான் பொறுக்கவில்லை.

ஊசியைத் தையல் டப்பாவில் விட்டெறிந்தார்.

"இந்த ஊசியும் வேணாம், வயித்துல குத்துற அந்த ஊசியும் வேணாம். இன்னையோட நிறுத்து. சர்க்கரை இருந்தா இருந்துட்டுப் போகுது. கண்ணாவது தெரிஞ்சுது!"

சாப்பாட்டு நேரம். அவள் இன்சுலின் எடுக்க எழுந்தாள். போகிற போக்கில் தன் கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டினாள்.

"இதப் போட்டுக்கிட்டுத் திட்டுங்க. ஆள் மாறிடப் போகுது."

பிடுங்கி எறியத்தான் கை போனது.

அதற்குள் டப்பா தெளிந்துவிட்டது.

பொத்தான்கள். கொக்கிகள். அடியில் ஒரு சின்னத் தகடு, அதன் நுனியில் முடிபோல மெல்லிய கம்பி வளையம். நூல் கோப்பதற்கென்றே ஊசிப் பாக்கெட்டோடு தருவது. அது இருந்தால் குருடியும் கோக்கலாம்.

தகட்டின் பூச்சு ஒரு கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

பகலெல்லாம் அவர் வேலைக்குப் போனபின் அவளுக்கு யார் கோத்துக் கொடுத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தகட்டைக் கொக்கிகளுக்கு அடியில் தள்ளினார். டப்பாவை மூடினார்.

"எவ்வளவு நேரம்டி? பசிக்குதுல்ல?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

பனியனை வயிற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு.