வெந்நீர் மாவு

“இறாலுக்கு மாவு எப்படிக் கலக்குறதுக்கா?” என்று பக்கத்து வீட்டு வீரம்மா முத்து பீவியிடம் கெஞ்சினாள்.

மலாயாவின் கிள்ளான் ஊரில் இருந்த ஜப்பானிய அதிகாரிக்குச் சமையல்காரன் வேண்டுமாம். நாளை வீரம்மாவின் புருஷன் சன்னாசியும் முத்து பீவியின் புருஷன் கௌஸும் அவனுக்கு இறால் பொரித்துக் காட்ட வேண்டும். வேலை கிடைத்தவன் தப்பித்தான். மற்றவனை எந்த நேரமும் லோரியில் ஏற்றி, ரயில் பாதை போட சயாமுக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர் யாரும் திரும்பவில்லை.

“வெந்நீர் ஊத்து. கட்டியே இல்லாம நல்லா அடிச்சுக் கலக்கு. மொறுமொறுன்னு வரும்” என்றாள் முத்து பீவி.

வீரம்மா போனதும் கௌஸிடம் திரும்பினாள்.

“நீங்க சில்லுனு கிணத்துத் தண்ணி ஊத்துங்க. லேசாக் கிண்டினாப் போதும், கட்டி இருந்தா இருக்கட்டும்.”

“பாவம்லா அந்தப் புள்ள.”

“பாவம் பாத்தா நான்தான் வெள்ளைச் சீலை கட்டணும்.”

மறுநாள் சன்னாசியின் இறால் எண்ணெய் குடித்துச் சொதசொதத்தது. அதிகாரி அவன் கன்னத்தில் அறைந்து, பங்களாவில் புல் வெட்டும் வேலைக்குத் துரத்தினான். கௌஸின் இறாலைக் கடித்த சத்தம் வாசல்வரை கேட்டது.

வீட்டுக்கு வந்த கௌஸ் துணிகளை மூட்டை கட்டினான்.

“பங்களாவிலேயே தங்கணுமா?” என்று பூரித்தாள் முத்து பீவி.

“அந்த அதிகாரிக்கு சயாம் ரயில் பாதைக்கு மாத்தல். கூட்டிட்டுப் போகத்தான் சமையல்காரன் தேடியிருக்கான்.”

வாசலில் லோரி உறுமியது. வீரம்மா ஓடிவந்து முத்து பீவியின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நீங்க சொன்ன வெந்நீர்தான்கா எம் புருஷனை இங்கயே நிறுத்திச்சு.”