பெயர் போடாத ஆல்பம்

கூடத்தில் இருந்தவர்கள்: அப்பா உதயகுமார், அம்மா லோகாம்பாள், தாய்மாமன் முனிரத்தினம், மாப்பிள்ளை ஆனந்தகுமார், அவனுடைய நண்பர்கள் இரண்டு பேர். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கால்வலியாம், வரவில்லை.

ஜெயப்ரியா காபித் தட்டை நீட்டினாள். கன்னத்து வீக்கத்தை பவுடர் மறைத்திருந்தது. அவள் யாரையோ காதலிக்கிறாள் என்று தெரிந்த அன்றே மாமா போனைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குள் அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள், பாட்டுகளைத் தவிர. எவ்வளவு அடித்தும் பையன் பெயரைச் சொல்லவில்லை.

இந்த மாப்பிள்ளை தன்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனால் போதும். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"ரெண்டு பேரும் தனியா பேசட்டும்பா. இந்தக் காலத்துப் புள்ளைங்க," என்றார் முனிரத்தினம். அவர் கொண்டுவந்த சம்பந்தம்.

மாடி அறையில் ஆனந்தகுமார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். கட்டிலில் கிடந்த ஹெட்போனைப் பார்த்தான்.

"பாட்டு கேப்பீங்களா? இன்னா மாதிரி, மெலடியா?"

"ராப். அப்புறம் இந்த பேண்டுங்க."

"அப்பாடா. போன வாட்டி பாத்த பொண்ணு பக்திப் பாட்டுன்னுச்சு. ஒரகடத்துல எனக்கு நைட் ஷிப்டு. காதுல ராப் இல்லன்னா மிஷின் மேலயே தூங்கிடுவேன்."

அவள் லேசாகச் சிரித்தாள். அவன் ஒரு பெங்களூர் பேண்டின் பெயரைச் சொன்னான்.

"மொத ஆல்பம் நெருப்பு. ரெண்டாவதுல காசு வந்துடுச்சு, கோவம் போயிடுச்சு. கிடாரு சும்மா அழுதுக்கினு இருக்குது."

"மூணாவது அதவிட மோசம்," என்றாள் ஜெயப்ரியா. "நாலு பாட்ட வச்சிக்கினு பன்னெண்டா நீட்டியிருக்கானுங்க. கடைசிப் பந்தி சாம்பார் மாதிரி."

"மெட்ராஸ் ராப்பருங்க?"

"காரு, வாட்ச்சு, ஷூ. பாட்டா அது? தவணை கட்டறவன் பொலம்பல்."

அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். அடி வாங்கிய தாடை வலித்தது.

"நம்ம காஞ்சிபுரத்துலயே ஒரு ராப் ஆல்பம் வந்துச்சே, 'மதகு'ன்னு. கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"வேஸ்ட்டு. பேரு போடல, மூஞ்சி காட்டல, பெரிய இவன்னு நெனப்பு. அந்த ரெண்டாவது பாட்டு சுத்தமா சுட்டது. எவனோ எழுதினத வாயில போட்டுத் துப்பறான்."

"சுட்டதா? ஒவ்வொரு வரியும் அவனே எழுதினது. ஏரிக்கரையில உக்காந்துக்கினு எழுதுனான். நான் பக்கத்துலயே இருந்தேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கீழே யாரோ டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது.

அவன் குரலைத் தாழ்த்தினான். "அவர்தானா?"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "என்னப் பிடிக்கலன்னு சொல்லிடுங்க," என்றாள். "உங்க கால்ல விழறேன்."

"சொல்லிடறேன், அழாதீங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது. எங்க வீட்லயும் இதே கூத்துதான்." கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசினான். "பாவம், போனும் இல்லாம நீங்க இன்னா ஆனீங்கன்னே தெரியாம அலைவாரு. நான் வேணா பாத்துச் சொல்றேன். யாரு, எங்கன்னு தெரிஞ்சாத்தானே?"

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இத்தனை நாளில் அவளிடம் பாட்டைப் பற்றிப் பேசியவன் இவன் ஒருவன்தான்.

"ஜெபகுமார்," என்றாள். "தாமல் ஊர்ல, சர்ச்சுக்குப் பின்னாடி. நான் உயிரோடதான் இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் தலையாட்டிக்கொண்டே எழுந்தான்.

"ரெண்டாவது பாட்டு நல்லாத்தான் இருக்குது," என்றான்.

வெளியே போய்க் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு ஒன்று மாட்டப்பட்டு, சாவி திரும்பியது. பிறகு மாடிப்படியிலிருந்து அவன் குரல் கேட்டது.

"தாமலாம், பேரு ஜெபகுமாரு. வண்டிய எடு, முனிரத்தினண்ணே."