சும்மா உட்கார வந்தவள்

வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன் சார். அக்கா சாமான் ஒதுக்கறப்ப கூட உட்கார்ந்திருப்பேன், எதையும் தொட மாட்டேன். அது என் கட்டுப்பாடு."

கிடங்கு மேலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி உதவிக்கு ஆள் கூப்பிட்டிருக்கிறாள் என்றதும், துடைப்பமும் கையுறையுமாக ஒருத்தி வருவாள் என்றல்லவா நினைத்திருந்தார். இவளோ விரியத் திறந்து கிடந்த வாசலில்கூட வயிற்றை எக்கி, ஒருக்களித்து நுழைந்தாள். ரொம்பத்தான் பணிவு என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் பார்க்க வருகிறார். பின்னறைக் கதவு முழுசாகத் திறக்காவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இப்போது அது பாதிகூடத் திறக்காது. மனைவி சேர்த்துவைத்த டப்பாக்களும் பைகளும் உள்ளேயிருந்து முட்டுக்கொடுத்து நின்றன.

"இதுல என்னம்மா கஷ்டம்? எடு, பாரு, முடிவு பண்ணு, போடு. நாலு லாரிச் சரக்கை நாங்க மத்தியானத்துக்குள்ள அடுக்கிடறோம்."

கிடங்கில் எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்பதை அதன்மேல் ஒட்டிய சீட்டே சொல்லிவிடும். வீட்டுச் சாமானுக்குச் சீட்டு கிடையாது, ஒவ்வொன்றுக்கும் மனசுதான் முடிவு எடுக்க வேண்டும் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

மனைவிக்குச் சிக்கல் அங்கேதான். டப்பாவை எடுப்பாள், மூடி தேடிச் சமையலறைக்குப் போவாள். அங்கே இழுப்பறையில் டார்ச் கிடைக்கும். அதற்கு பேட்டரி தேடிக் கூடத்துக்கு வருவாள். வந்து, எதற்கு வந்தோம் என்று நிற்பாள். நாள் முழுக்க ஓடியும் ஒரு சாமான் குறைந்திருக்காது. மேலாளர் இதற்கு வைத்திருந்த பெயர் சோம்பேறித்தனம்.

இன்றும் டப்பாவை எடுத்தாள். கால் சமையலறைப் பக்கம் திரும்பியது.

"அக்கா, கையில என்ன?" என்றாள் நாற்காலிக்காரி.

"மூடியில்லாத டப்பா."

"மூடி கிடக்கட்டும். டப்பாவுக்கு மட்டும் ஒரு முடிவு சொல்லுங்க."

மனைவி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போட்டுடலாம்."

டப்பா சாக்குக்குள் விழுந்தது.

"இதைக் கேக்க ஒரு ஆளா?" மேலாளர் மனைவியின் காதில் முணுமுணுத்தார். "இதுக்கு அந்த நாற்காலியே போதுமே."

"நாற்காலி கேள்வி கேக்காதுங்க. நீங்க கேட்டா திட்டு மாதிரி இருக்கும்," என்றாள் மனைவி.

அவர் இன்னொரு சாக்கை எடுத்து விரித்துவைத்தார். கையில என்ன, கையில என்ன என்ற அந்த ஒரே கேள்வியில் சாக்குகள் நிரம்பிக்கொண்டே வந்தன. வெயில் தாழ்ந்தபோது பின்னறைக் கதவு முழுசாகத் திறந்து சுவரில் 'டம்' என்று மோதியது. நம்பாமல் மூடித் திறந்து பார்த்தார்.

"ஆளை வச்சு வேலை வாங்கறவன் நான். எனக்கு இந்த வித்தை தெரியலையே. பெரிய கைகாரிதான் நீங்க," என்றார், வராத சிரிப்பை வரவழைத்து.

வாசலில் வீட்டுக்காரரின் வண்டிச் சத்தம் கேட்டது. மேலாளர் பதறிப்போய் ஒரு சாக்கின் வாயைப் பிடித்தார். "அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க. குப்பைத்தொட்டி வரைக்கும்தான்."

அவள் எழுந்து சுவரோரம் ஒதுங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கண் மட்டும் சாக்கின் மேலே எட்டிப்பார்த்த இன்னொரு மூடியில்லாத டப்பாவை விட்டு நகரவில்லை.

"என்னங்க இது? தொட்டா சுட்டுடுமா?"

"தொட்டா எங்க வீட்டுக்கு வந்துடும் சார். அங்க வாசக்கதவே பாதிதான் திறக்குது."