வற்கடர் வரும் சத்தம்

மென்னிலாக் கோளில் மிச்சமிருந்த கடைசி வீட்டின் கதவை உடைத்துக்கொண்டு வற்கடர் படைத்தலைவன் உள்ளே நுழைந்தான். "ஒருத்தரையும் விடமாட்டேன்" என்று உறுமினான்.

கேட்டுக்கொண்டிருந்த மூன்று குழந்தைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். காலையிலிருந்து பதிவு செய்ததில் இது ஐந்தாவது தலைவன் குரல். வானொலியின் குழந்தைகள் தொடரில் இந்த ஒரு காட்சிதான் பாக்கி. நாலு மணிக்குள் சரிவராவிட்டால் தொடரையே வேறு ஒலிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவதாக நிலையத் தலைவர் சொல்லியிருந்தார்.

"இவருக்கு சளி புடிச்சிருக்கா அங்கிள்?" என்றான் இயக்குநரின் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன்.

"ஆவி புடிக்கச் சொல்லுங்க" என்றான் மற்றவன்.

ஒலிப்பதிவாளரின் எட்டு வயது மகள் சோபாவில் காலைத் தூக்கிப் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய ஸ்கெட்ச் பேனாக்கள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன.

"என் பொண்ண பயமுறுத்தறது கஷ்டம் மேடம். அவளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்றார் அவர், பாதி வெட்கமும் பாதி பெருமையுமாக. அந்தக் கூடத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"கோள் எரியறப்ப அழறாங்க. எரிச்சவன் வந்தா சிரிக்கறாங்க. எங்க சார் தப்பு?" என்றார் இயக்குநர்.

அதுதான் ஒலிப்பதிவாளருக்கும் பிடிபடவில்லை. எரிப்பது சுலபம். நிஜ நெருப்பைப் பதிவு செய்தால் காற்றடிப்பது போலத்தான் கேட்கும். செலோஃபேன் தாளை மைக்குக்குப் பக்கத்தில் மெல்லக் கசக்கினால் ஒரு நகரமே எரியும். தகரத் தட்டில் சரளைக் கல்லை உருட்டி, வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் கோபுரங்கள் சரியும். தலைவனின் குரலுக்காக நடிகரை வாளிக்குள் தலையை விட்டுப் பேசவைத்து, அடியில் லாரி எஞ்சின் ஓடும் சத்தத்தையும் சேர்த்திருந்தார். இருபது வருடத் தொழிலில் சின்னப் பிள்ளைகள் முன்னால் இப்படித் தலைகுனிந்ததில்லை.

"இன்னும் பெரிய வாளியா எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

அவர்கள் இருந்த அறையின் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். திரும்பி வந்தவர் வாளியைக் கீழே வைத்தார். வீட்டுச் சாவி, ஸ்கூட்டர் சாவி, அலமாரிச் சாவி, இந்த அறைச் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் தொங்கும் கொத்தை எடுத்துக் கதவைத் திறந்தார்.

உள்ளே இரட்டையர்கள் தரையில் கட்டிப் புரண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் மட்டும் காலைக் கீழே இறக்கி நேராக உட்கார்ந்திருந்தாள். சிதறிக் கிடந்த பேனாக்கள் எல்லாம் டப்பாவுக்குள் போயிருந்தன.

"பாத்தீங்களா மேடம், எவ்வளவு ஒழுங்கு" என்றார்.

"இவ்வளவு நேரம் இவதான் இவனுங்களவிட ஆட்டம் போட்டுட்டிருந்தா" என்றார் இயக்குநர். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய்க் குனிந்து உட்கார்ந்தார். "கண்ணு, அந்தக் கடைசி வீட்டுல நீ இருக்கேன்னு வெச்சுக்கோ. எந்தச் சத்தம் கேட்டா, வற்கடர் வந்துட்டாங்கன்னு உனக்குப் பயம் வரும்?"

மகள் அப்பா பக்கம் திரும்பவில்லை. இயக்குநரின் காதோடு ஏதோ சொன்னாள்.

இயக்குநர் அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்தார். பிறகு, "வாளி வேண்டாம் சார். உங்க சாவிக்கொத்தக் குடுங்க" என்றார். முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார்.

பத்தே நிமிட வேலை. வீட்டுக்குள் பிள்ளைகள் சிரித்து விளையாடுகிறார்கள். வெளியே சாவிக்கொத்து குலுங்குகிறது. பூட்டுக்குள் ஒரு சாவி நுழைந்து, ஒரு சுற்றுத் திரும்புகிறது. சிரிப்பு நின்றுவிடுகிறது. அவ்வளவுதான், படைத்தலைவன் வாயையே திறக்கவில்லை.

இந்த முறை இரட்டையர்கள் சிரிக்கவில்லை. ஒருவன் மற்றவன் கையைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தான்.

ஒலிப்பதிவாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இப்பதான் மேடம் புரியுது. கதவ உடைச்சுட்டு வர்றவன் வெளியாளு. அவனப் பாத்தா ஓடலாம், கத்தி நாலு பேரக் கூப்பிடலாம். சாவி வெச்சிருக்கறவன் வந்தா யாரக் கூப்பிடறது? அவன் அந்த வீட்டு..."

பாதியில் நிறுத்தினார். டப்பாவில் நிறம் பார்த்து அடுக்கியிருந்த பேனாக்களைப் பார்த்தார். சோபாவுக்கு முன்னால் தரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த மகளின் இரண்டு சின்னப் பாதங்களைப் பார்த்தார். கையிலிருந்த சாவிக்கொத்தைப் பைக்குள் போடப் போனார், அது குலுங்கியது, மகளின் தோள் ஒடுங்கியது. கொத்து முழுவதையும் உள்ளங்கைக்குள் இறுக்கி, சத்தம் வராமல் பிடித்துக்கொண்டார்.

நாலு மணிக்கு நிலையத் தலைவர் அழைத்தார். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது.

"கேட்டேன்யா, உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. ஒரு வாரமா வராதது இப்ப எப்படி வந்துச்சு? அப்படி என்னத்தச் சேத்தீங்க?"

இயக்குநர் ஏதோ சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தார். ஒலிப்பதிவாளர் வேண்டாம் என்று கையமர்த்தினார். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"எதுவும் சேக்கல சார். தினம் சாயங்காலம் நான் வீட்டுக்கு வர்ற சத்தம் அது."