கெட்டி நெஞ்சு

விழுப்புரம் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் விளக்கு அணைந்திருக்கிறது. கெட்டுப்போன கிட்னிக்கு மாத்திரை வாங்கக் கோலியனூரிலிருந்து வந்த பெரியவர் விருத்தாசலத்தின் மார்பில் ஜில்லென்று பசையைத் தடவிக் கருவியை அழுத்துகிறாள் டாக்டர் கலைமதி. “கிட்னி இடுப்புல இருக்குது. மாரை எதுக்கும்மா தேச்சிக்கினு இருக்கற?” திரையின் சாம்பல் வெளிச்சத்தில் அவருடைய இதயம் தவளைத் தொண்டைபோல் துடிக்கிறது. “நெஞ்சுச் சுவரு தடிச்சிருக்குங்க ஐயா.” “தடிக்காம? மூட்டை தூக்கின நெஞ்சு, கெட்டியாத்தான் இருக்கும்.” “இது பலம் இல்லீங்க. பாஸ்பேட் உப்பை வெளிய தள்ளுன்னு எலும்பு கிட்னிக்கு ஹார்மோன் அனுப்புது. கிட்னிக்குக் காது அடைச்சுப்போச்சு. எலும்பு இன்னும் சத்தமா கத்துது. அந்தச் சத்தமெல்லாம் நெஞ்சுல போய் வுழுந்து அது தடிக்குது. இப்பிடியே போனா ஒரு நாள் நின்னுடும்.” “எலும்பு பேசுதாம். யாருகிட்ட கதை வுடற?” கையூன்றி எழப் பார்க்கிறார். அவள் கருவியை எடுக்காமலே ஒரு பொத்தானைத் தட்டுகிறாள். வறண்ட கிணற்றில் காற்றை இழுக்கும் மோட்டார்போல ஒரு சத்தம் அறையை நிறைக்கிறது. “யாருது அது?” “உங்க நெஞ்சோடதுதாங்க.” நிமிர்ந்த முதுகு மெல்லக் கட்டிலில் சாய்கிறது. மார்பைத் தொடப்போன விரல்கள் அந்தரத்தில் நிற்கின்றன. “அந்த எலும்ப வாய மூடச் சொல்லும்மா” என்கிறார் தணிந்த குரலில், அதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.