மல்லப்பனைத் தூக்கியவன்

"என் தங்கச்சி கனகாவைக் கட்டிக்கணுமா? முதல்ல என்னைத் தூக்குடா பார்க்கலாம்!" உட்கார்ந்தபடியே தொடை தட்டினான் மல்லப்பன். தேவராஜா மார்க்கெட்டில் மூட்டை தூக்கி முறுக்கேறிய உடம்பு.

ஒல்லிக்குச்சி உமேஷ் அவனை மேலும் கீழும் பார்த்தான். கனகாவை விட்டுக்கொடுக்க மனசில்லை.

"தூக்கிட்டா சம்மதமாங்ணா?"

"ஒரு சாண் தூக்கு, நாளைக்கே நிச்சயம்!"

உமேஷ் நாற்காலிக்கு அடியில் இருந்த மிதிகட்டையை வலது காலால் நாலு மிதி மிதித்தான். மல்லப்பன் நாற்காலியோடு ஜம்மென்று மேலே போனான்.

"டேய், மோசடி! நாற்காலிக்குள்ள இருக்கிற எண்ணெய்தானே தூக்குச்சு?"

"மிதிச்சது நானுங்க! சின்ன பிஸ்டனை மிதிச்சா, அந்த அழுத்தம் எண்ணெய் வழியாப் போய்ப் பெரிய பிஸ்டனைப் பல மடங்கு பலமாத் தள்ளும்."

மல்லப்பன் கோபமாக எழப்போனான்.

"உக்காருங்க மச்சான்," என்றான் உமேஷ், சவரக் கத்தியைத் துடைத்தபடி. "ஒரு பக்கத் தாடி அப்படியே இருக்கு."

சலூன் கண்ணாடியைப் பார்த்த மல்லப்பன் அடங்கி உட்கார்ந்தான்.

"சரி... மீதியையும் எடுத்துடுங்க, மாப்ளே."